கணக்கில் ஏறாத கொன்டெய்னர்: 'த வயர்' இரண்டாம் சீசனும் திருமலைக்காரரும்

2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. நம் நேரம் காலை பதினொரு மணிக்குக் கிட்ட. அமெரிக்காவில் அது நள்ளிரவு தாண்டிய வேளை. டாலி என்ற கொன்டெய்னர் கப்பல் பால்ட்டிமோர் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, கப்பலில் மின்சாரம் போய், பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சில வினாடிகளில் தண்ணீருக்குள் போனது. மேலே இரவு வேலையில் வீதிப் பள்ளங்களை நிரப்பிக்கொண்டிருந்த 6 தொழிலாளர் இறந்தார்கள். அந்தக் கப்பல் வந்து சேரவேண்டிய இடம் கொழும்பு. அதனால் நம் நாட்டுச் செய்திகளிலும் அன்று முழுக்க இதே பேச்சுத்தான். எங்கள் நாலைந்து பேரின் கைபேசிகளில் மட்டும் வேறொரு பேச்சு ஓடியது. முதல் செய்தியை அனுப்பியது சித்தியின் மகன்: "அண்ணே, சொபொட்கா கடைசியா நடந்து போன பாலமெல்லோ அது?"

சொபொட்கா உயிரோடு இருந்த மனிதரில்லை. 'த வயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் ஒரு துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர். அந்தப் பாலத்தடியில் தன்னைக் கொல்லப்போகிறவர்களைப் பார்க்க அவர் நடந்துபோகும் காட்சியோடு ஒரு எபிசோட் முடியும். அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் அவருடைய உடல் தண்ணீரில் மிதக்கும். (கதையைச் சொல்லிவிட்டானே என்று கோபிக்கவேண்டாம். தொடர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. இனி வரும் பந்திகளிலும் நான் எதையும் மறைக்கப்போவதில்லை.)

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு அது பென்டிரைவில் வந்து சேர்ந்தது. பால்ட்டிமோர் தெருப்பேச்சு முதலில் ஒரு சொல்லும் விளங்காது, கீழே ஓடும் எழுத்துகளை வாசித்துத்தான் பார்த்தோம். ஆனால் பார்த்தவர்கள் கூடினால் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறேன். உலகத்தில் பாதி ரசிகர்கள் இரண்டாம் சீசனைத் தொடரின் பாதை விலகல் என்பார்கள். நல்லாப் போய்க்கொண்டிருந்த போதைப்பொருள் கதையை விட்டுவிட்டு எதற்குத் துறைமுகத்துக்குப் போனார்கள் என்று கேட்பார்கள். எங்களிடையே அதுதான் தலை. ஊர்ப் பாசமும் துறைமுகமும் காரணம் என்று லேசாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதாது. இந்தத் தொடர் மனிதர்களை எப்படி உண்டாக்குகிறது என்பதற்கான சாவி இரண்டாம் சீசனில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 'த வயர்' எச்.பி.ஓ. அலைவரிசையில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை வந்தது. 5 சீசன், 60 எபிசோட். உருவாக்கியவர் டேவிட் சைமன். பால்ட்டிமோரில் ஒரு நாளிதழுக்குப் பல வருடம் பொலிஸ் செய்தி எழுதியவர். கூட நின்றவர் எட் பேர்ன்ஸ். அவர் அதே நகரத்தில் இருபது வருடம் பொலிஸில் இருந்து, பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். முதல் சீசன் போதைப்பொருள் விற்கும் ஒரு கூட்டமும் அவர்களுடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் பொலிஸ் குழுவும். இரண்டாவது துறைமுகம், மூன்றாவது நகர அரசியல், நான்காவது பள்ளிக்கூடம், ஐந்தாவது பத்திரிகை அலுவலகம். பெரிய எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஓடிய காலத்தில் பெரிதாக யாரும் பார்க்கவுமில்லை. பேர் எடுத்தது முடிந்த பிறகுதான்.

சாதாரணக் குற்றத் தொடரில் முதலில் ஒரு பிணம் விழும், கடைசியில் கொலைகாரன் அகப்படுவான். இதில் யார் செய்தது என்பது பெரும்பாலும் பாதியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் கதை.

இரண்டாம் சீசனில் துறைமுகத்துக்குள் பொலிஸ் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். கடத்தலைப் பற்றி யாரும் தகவல் கொடுக்கவில்லை. பிணம் கிடைத்ததாலும் அல்ல. ஒரு தேவாலயத்துக்குக் கண்ணாடி ஓவிய ஜன்னல் கொடுக்கும் போட்டியால்! பால்ட்டிமோரின் போலந்து வம்சாவழியினர் கும்பிடும் தேவாலயம். அங்கே பொலிஸ் மேஜர் வால்செக் தங்கள் ஆட்களின் நினைவாக ஒரு ஜன்னல் கொடுக்க நினைக்கிறார். போனால், கப்பல் தொழிலாளர் படம் போட்ட அழகான ஜன்னலைச் சொபொட்காவின் சங்கம் முந்திக்கொண்டு, நல்ல இடத்திலேயே வைத்துவிட்டது. வால்செக்கால் பொறுக்கமுடியவில்லை. அடங்கிப்போன ஒரு சின்னச் சங்கத்துக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று நோண்டத் தொடங்குகிறார். பதவி உயர்வுக்குத் தன் தயவை எதிர்பார்க்கும் மேலதிகாரியோடு பேரம் பேசி, சொபொட்காவைப் பிடிப்பதற்கென்றே ஒரு விசாரணைக் குழுவை வாங்கிவிடுகிறார்.

அமெரிக்க ரசிகர்களுக்கு இது நகைச்சுவை. எங்களுக்கு இதில் விளக்கவேண்டிய ஒன்றுமில்லை. இது உபயச் சண்டை. திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம், மண்டபத்துக் கல்வெட்டில் யாருடைய பெயர் மேலே, ரியூப் லைட்டில் வெளிச்சம் வர இடம் விட்டுப் பெயர் எழுதினார்களா இல்லையா என்று குடும்பங்கள் தலைமுறையாகப் பேசாமலிருக்கும் நாடு இது. அதைக் கண்டு வளர்ந்தவனுக்கு வால்செக்கின் முகம் சிவப்பது ஒரு நொடியில் விளங்கும். சட்டத்தரணி நண்பன் சொல்வான், தான் நடத்திய காணி வழக்குகளில் பாதிக்கு அடியில் காணி இல்லை, இப்படி ஏதோ ஒன்றுதான் இருக்கும் என்று. ஒரு பெரும் குற்றத்தைக் கண்டுபிடிக்க அரச இயந்திரம் அசைவதற்கு அந்தக் குற்றம் காரணமாக இருப்பதில்லை, அதிகாரத்தில் இருக்கும் ஒருவரின் காயம்தான் காரணம் என்று இந்தத் தொடர் முதலிலேயே சொல்லிவிடுகிறது.

அப்புறம் பிணங்கள். துறைமுகத்தில் ஒரு கொன்டெய்னருக்குள் 13 பெண்கள் மூச்சுமுட்டி இறந்து கிடக்கிறார்கள். முன்னதாகத் தண்ணீரில் மிதந்து வந்த ஒருத்தியோடு 14. கண்டெடுப்பவர் பீடி ரசல் என்ற துறைமுகப் பொலிஸ்காரி. பிள்ளைகளை வளர்க்கச் சம்பளம் கூடிய வேலை வேண்டுமென்று சேர்ந்தவர், அதுவரை பெரிய விசாரணை ஒன்றையும் கண்டதில்லை. கொலைகளைப் பொறுப்பேற்க எந்தப் பிரிவும் முன்வரவில்லை. தீர்க்கமுடியாத 14 கொலை வருட இறுதிக் கணக்கைக் கெடுத்துவிடும். சும்மா ஒரு வன்மத்துக்காக, தன்னைத் தண்டனையாகப் படகு ரோந்துக்குத் தூக்கிப் போட்ட மேலதிகாரியின் தலையில் இதைக் கட்டவேண்டும் என்பதற்காக, மக்நல்ட்டி என்ற பொலிஸ்காரர் வற்றுப்பெருக்கு அட்டவணையையும் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டு, உடல் நகர எல்லைக்குள்தான் தண்ணீரில் விழுந்தது என்று நிறுவிவிடுவார். நீதிக்காக அல்ல என்பதைக் கவனியுங்கள். அவருக்கும் அது ஒரு உபயச் சண்டைதான்.

இந்த இடத்தில் எங்கள் பெரியப்பாவைக் கூட்டிவரவேண்டும். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் எண்ணிக் குறிப்பதுதான் அந்த வேலை. இத்தனை மூட்டை, இதில் இத்தனை கிழிந்தது, இத்தனை குறைவு என்று. தற்செயலாக அந்தக் கப்பலின் பேரும் தமிழில் எழுதினால் அப்படியே வரும், அதை வைத்து அவரைப் பகிடி பண்ணாத நாளில்லை. ஆங்கிலப் படமென்றால் எழும்பிப்போகிறவர், இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் பாரந்தூக்கி கொன்டெய்னரை இறக்குவதைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். சொபொட்காவின் சங்கம் அவருடைய சாதிதான். தொடரில் 'செக்கர்' என்பார்கள், செய்யும் வேலை டாலி கிளார்க் வேலை.

கொன்டெய்னர் எப்படிக் காணாமல் போகிறது? தொடரில் இது துண்டு துண்டாகத்தான் வரும், முதல் தடவை பார்க்கிறவர்களுக்குப் பிடிபடாது. கப்பலின் சரக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. துறைமுகத்து முற்றத்தில் என்ன நிற்கிறது என்று கணினியில் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் செக்கர். பாரந்தூக்கி பெட்டியை இறக்கும்போது அதன் இலக்கத்தைக் கையிலுள்ள கருவியில் அடிக்கிறார், அப்போதுதான் அந்தப் பெட்டி அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்ததாகக் கணினி நம்பும். அவர் அடிக்காமல் விட்டால்? பெட்டி கண்ணெதிரே இறங்கும், லொறியில் ஏறும், வாசலால் வெளியே போகும். ஆனால் கணக்கில் அது இறங்கவேயில்லை. பூட்டை உடைக்கவேண்டாம், மதிலால் ஏறிக் குதிக்கவேண்டாம், இரவு என்றும் பார்க்கவேண்டாம். ஒரு விரலை அசைக்காமல் இருந்தால் போதும்.

"இதுக்குப் பேர் களவில்லை தம்பி," என்றார் பெரியப்பா. "களவெண்டா ஒண்டைச் செய்யவேணும். இது செய்யாம விடுறது."

நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லவில்லை. சொபொட்காவின் பாத்திரம் முழுக்க இந்தச் 'செய்யாமல் விடுதலில்' நிற்கிறது. வெளிநாட்டுக் கடத்தல்காரர் அவருக்குக் காசு கொடுப்பது பெட்டியைக் காணாமல் ஆக்க மட்டுமல்ல, உள்ளே என்ன என்று கேட்காமல் இருக்கவும்தான். அவரும் கேட்கவில்லை. பெண்கள் செத்துக் கிடந்த பிறகுதான், உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்று ஏன் சொல்லவில்லை என்று துள்ளுகிறார். அந்தக் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமையில்லை என்பதும் உண்மை.

பிடிபடுவதும் அதே கணக்கால்தான். பீடி ரசலுக்குத் துப்பாக்கி விளையாட்டு ஒன்றும் தெரியாது, ஆனால் துறைமுகக் கணினியில் எதை எங்கே பார்ப்பது என்று தெரியும். பழைய கப்பல்களின் கணக்கை இழுத்துப் பார்த்தால், பெட்டி காணாமல் போன கப்பல்களில் எல்லாம் ஒரே செக்கர் நின்றிருக்கிறார். அவர் பேர் ஹோர்ஸ்ஃபேஸ், குதிரைமூஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பொலிஸார் அதோடு நிற்காமல் துறைமுகக் கணினியின் திரையை அப்படியே தங்கள் அலுவலகத்தில் தெரியச் செய்கிறார்கள். இனி ஒரு பெட்டி திரையில் வராமல் போகும் அந்தக் கணத்திலேயே லொறியின் பின்னால் ஆள் போகலாம். நடிப்பு, வசனம் எல்லாம் ஒருபக்கம் இருக்க, இந்த நாலைந்து காட்சிகளுக்காகவே நான் இந்தச் சீசனைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

சரி, அந்தக் காசை வைத்துச் சொபொட்கா என்ன செய்கிறார்? வீடு கட்டவில்லை, கார் வாங்கவில்லை. அரசியல்வாதிகளைப் பிடிக்கத் தரகர் ஒருவரை வைத்து, அவர் கையில் கொட்டுகிறார். இரண்டு விஷயம் நடக்கவேண்டும். ஒன்று, மூடிக்கிடக்கும் தானியத் துறையை, அதாவது தானியக் கப்பல் வந்து நிற்கும் இடத்தை, திறக்கவேண்டும். மற்றது, செசப்பீக் விரிகுடாவையும் டெலவெயர் ஆற்றையும் இணைக்கும் கால்வாயை ஆழமாக்கவேண்டும். பால்ட்டிமோர் திறந்த கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிற துறைமுகம். வடக்கேயிருந்து வரும் கப்பலுக்குக் குறுக்குவழி அந்தக் கால்வாய், ஆழம் 35 அடிதான். இன்றைய பெரிய கப்பல் அதற்குள் வராது. கப்பல் வராவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால், பணி மூப்பில் கீழே இருக்கும் இளம் பெடியள் மாதத்தில் சில நாளுக்குமேல் சம்பளம் காணமாட்டார்கள். அவருடைய பெறாமகன் நிக், மகன் ஸிகி இரண்டு பேருக்கும் அதுதான் நிலை.

திருமலைக்காரனுக்கு இங்கேதான் நெஞ்சில் ஒரு குத்து விழும். பால்ட்டிமோருக்கு ஆழம் இல்லை, தோண்டவேண்டும். எங்களுக்கு ஆழம் இயற்கையாகவே கிடைத்திருக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாலாம் வகுப்பிலிருந்து படித்துக்கொண்டு வருகிறோம். கரையோடு ஒட்டிய ஆழம், சுற்றி மலை, காற்றுக்கு மறைப்பு, வற்றுப்பெருக்கும் சின்ன அளவு. ஆனால் கொன்டெய்னர் கப்பல் வருவதோ கொழும்புக்கு. கிழக்கு மேற்காக ஓடும் பெரிய கப்பல் பாதை தெற்கு முனையை ஒட்டிப் போகிறது, பாரந்தூக்கிகளும் முனையங்களும் கொழும்பில் இருக்கின்றன. ஆழத்தை மட்டும் பார்த்துக் கப்பல் வராது. எங்களுக்கு வருவது கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எரிபொருள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன, காட்டுக்குள் கோயில் மாதிரி. 2022 ஜனவரியில் அவற்றைப் பற்றி இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதினார்கள். 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்து நடத்தும் கம்பனிக்கு. இந்த எண்களை எங்கள் ஊரில் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற ஆளும் சொல்லுவார்.

ஆகவே சொபொட்கா, துறைமுகம் திரும்ப வரும், தானியத் துறை திரும்ப வரும் என்று சொல்லும்போது, அதை ஒரு பாத்திரத்தின் ஆசையாக எங்களால் கேட்கமுடிவதில்லை. எத்தனை தேர்தலில் எத்தனை வாயால் கேட்ட பேச்சு. ஒரு வித்தியாசம், பிறீமா மா ஆலையின் துறைக்கு எங்களிடம் தானியக் கப்பல் வந்துகொண்டிருக்கிறது. பெரியப்பா அதில் ஒரு பெருமையோடு, "எங்கட தானியத் துறையை ஒருத்தனும் மாடி வீடு கட்ட விக்கேல்லை" என்பார். தொடரில் அதுதான் நடக்கும். தண்ணீர் ஓரம் காட்சி நல்லது என்று தானியத் துறை வசதிபடைத்தோர் குடியிருப்பாகப் போகும். இடையில் சொபொட்காவுக்கு ரொட்டர்டாம் துறைமுகத்தின் படம் ஒன்று போட்டுக் காட்டுவார்கள், ஆளே இல்லாமல் இயந்திரங்கள் பெட்டி தூக்கும் படம். மற்றவர்கள் வியந்து பார்க்க அவர் முகம் மட்டும் செத்துப்போகும். கிறிஸ் பாவர் என்ற நடிகர் அதை வாய் திறக்காமல் செய்திருப்பார்.

தொடரின் பெயருக்குக் காரணமான ஒட்டுக்கேட்பையும் கொஞ்சம் சொல்லவேண்டும். படங்களில் பொலிஸ் நினைத்தவுடன் தொலைபேசியைக் கேட்கும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதியின் அனுமதி வேண்டும். அதற்கு, மற்ற வழிகளைப் பார்த்தோம், பலிக்கவில்லை என்று எழுதிக் காட்டவேண்டும். அனுமதி கிடைத்தாலும் எல்லாவற்றையும் கேட்கமுடியாது. பேச்சு குற்றத்தைப் பற்றியதல்ல என்றால் நிறுத்திவிடவேண்டும். முதல் சீசனில் கூட்டத்தினர் கைபேசி வைத்திருப்பதில்லை, பேஜரும் தெருவிலுள்ள பொதுத் தொலைபேசியும்தான். அந்தத் தொலைபேசியில் பேசுவது அவர்களுடைய ஆள்தான் என்று காட்ட ஒருவர் கூரையில் படுத்துக்கொண்டு பார்க்கவேண்டும், இன்னொருவர் கேட்கவேண்டும், இரண்டு பேரின் குறிப்பிலும் நேரம் ஒத்துப்போகவேண்டும். பேஜரில் வரும் இலக்கமோ குறியீடு. எண் பலகையில் நடுவிலுள்ள 5ஐத் தாண்டி எதிர்ப்பக்கத்து எண்ணை எடுக்கவேண்டும், 5க்கும் 0க்கும் இடம் மாற்றவேண்டும். எழுத்தறிவு குறைந்த பெடியளும் தடுமாறாமல் பயன்படுத்தக்கூடிய பூட்டு அது. நீதவான் முன் பி அறிக்கை தாக்கல் செய்யும் பொலிஸாரைத் தினமும் பார்க்கிற சட்டத்தரணி நண்பனுக்கு, சுடுபாடு எதையும்விட இந்தக் காகித வேலைதான் பிடிக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான் என்பான்.

இலங்கையில் அரச உத்தியோகம் பார்த்த எவருக்கும் இந்தத் தொடரில் உடனே ஒட்டிக்கொள்ளும் விஷயம் இன்னொன்று: இடமாற்றம். லெஸ்ட்டர் ஃப்ரீமன் என்ற கெட்டிக்காரத் துப்பறிவாளர், மேலிடம் வேண்டாமென்ற ஒரு வழக்கை விடாமல் நடத்தியதற்காக அடகுக்கடைப் பிரிவில் 13 வருடமும் 4 மாதமும் கிடந்தவர். அந்த 4 மாதத்தையும் விடாமல் சேர்த்துச் சொல்லுவார், அதில்தான் ஆளே இருக்கிறார். மக்நல்ட்டிக்கு அவர் ஒரு புத்தி சொல்லுவார்: எங்கே போக விருப்பம் என்று உன்னைக் கேட்பார்கள், வாயைத் திறக்காதே. மக்நல்ட்டி ஏற்கெனவே வாயைத் திறந்து, போக விரும்பாத இடத்தைச் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டாம் சீசனில் படகில் நிற்கிறார். எங்கள் கூட்டத்தில் ஒரு ரீச்சர் இருக்கிறா. கஷ்டப் பிரதேசத்தில் வருடக்கணக்காகப் படிப்பித்தவ. ஃப்ரீமனின் அந்தக் காட்சியில் மற்றவர்கள் சிரிக்கும்போது அவ சிரிக்கமாட்டா. "நான் நாளைக் கணக்கிலயும் சொல்லுவன்" என்றா ஒருநாள்.

ரீச்சருக்கு நான்காம் சீசன்தான் வேதம். நாலு பெடியள், ஒரு பள்ளிக்கூடம், பரீட்சைப் புள்ளி உயரவேண்டும் என்பதற்காகப் பரீட்சையை மட்டும் படிப்பிக்கும் நிர்வாகம். பொலிஸில் குற்றப் புள்ளிவிபரத்தை எப்படிச் சுருக்குவார்களோ அதே வித்தை இங்கேயும் என்று, பொலிஸை விட்டு ஆசிரியரான பாத்திரம் ஒன்று கண்டுகொள்ளும். எட் பேர்ன்ஸ் இரண்டு வேலையும் பார்த்தவர் என்பது அங்கே தெரியும். ரீச்சர் சொல்வதை நான் மறுப்பதில்லை. ஆனால் பள்ளிக்கூடக் கதை யாரையும் அழவைக்கும், டாலிக் கணக்கை வைத்து அழவைப்பது வேறு திறமை.

பெரிய வாக்குவாதம் என்றால் அது ஓமர் விஷயத்தில்தான். சித்தியின் மகனுக்கு ஓமர்தான் தெய்வம். போதைப்பொருள் விற்பவர்களிடம் மட்டும் கொள்ளையடிக்கும், கெட்ட வார்த்தை பேசாத, தன் பாலினக் காதலை மறைக்காத, தெருவில் இறங்கினால் சனம் சிதறி ஓடும் துப்பாக்கிக்காரன். 2008இல் பராக் ஒபாமாவும் தனக்குப் பிடித்த பாத்திரம் இதுதான் என்று சொன்னார். ஓமராக நடித்த மைக்கல் கே. வில்லியம்ஸ் 2021 செப்டெம்பரில் இறந்தபோது எங்கள் ஊரில் ஒருவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் ஓமரை ரசிக்கிறவன். ஆனால் அவன் எங்கள் பழைய கதைகளில் வரும் ஆள். பணக்காரனிடம் பறிக்கும், சொன்ன சொல் மாறாத கள்ளனை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தொடரும் அதைத் தெரிந்துதான் அவனைக் கட்டுகிறது, கட்டிவிட்டு, ஐந்தாம் சீசனில் கடையில் சிகரெட் வாங்க நிற்கும்போது ஒரு சின்னப் பெடியன் கையால் முடித்துவிடுகிறது. எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்த ஒரே ஆள் அவன். அதனால்தான் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கிறது. மிச்சப் பேர் நம்மைப் போல ஏதோ ஒரு கதிரையில் இருக்கிறார்கள்.

அந்தக் கதிரைதான் நான் சொல்லவந்த சாவி. பிறவிக் குணம் என்று இங்கே அனேகமாக எதுவுமில்லை. ஒரு கதிரை காலியாகும், வேறொருவர் வந்து இருப்பார், இருந்தவுடன் முன்னவர் செய்ததைச் செய்யத் தொடங்குவார். தொடர் முடியும்போது இதை வெளிப்படையாகவே காட்டுவார்கள். ஓமரின் துப்பாக்கியை மைக்கல் என்ற மாணவன் எடுக்கிறான், பபிள்ஸ் என்ற போதை அடிமை விட்ட ஊசியை மைக்கலின் கூட்டாளி டூக்கி எடுக்கிறான், மக்நல்ட்டியின் இடத்தில் நின்று நீதிபதியிடம் குறுக்குவழியால் போகிறவர் சிட்னர் என்ற இளம் பொலிஸ்காரர். அப்புறம் ஜன்னல்காரர் வால்செக், நகரத்தின் பொலிஸ் ஆணையாளராகவே ஆகிவிடுகிறார்! முதல் சீசன் கூட்டத்தின் இரண்டாம் தலைவர் ஸ்ட்ரிங்கர் பெல் மட்டும் கதிரையை மாற்றப் பார்த்தவர். போதைப்பொருள் காசை வைத்துக் கட்டட வியாபாரியாகலாம் என்று இரவு வகுப்பில் பொருளியல் படித்தவர். கடைசியில் கட்டி முடியாத தன் கட்டடத்துக்குள்ளேயே சுடப்பட்டு விழுகிறார்.

முதல் சீசனில் மட்டும் நின்றிருந்தால் இதைப் போதைப்பொருள் தெருவின் விதி என்று எண்ணியிருப்போம், கறுப்பின ஏழை மக்களின் கதை என்று தள்ளிவைத்திருப்போம். இரண்டாம் சீசன் அதே விதியை வெள்ளைத் தோல் தொழிலாளர் மேல், சட்டப்படி சங்கம் வைத்து, தேவாலயம் போகும் ஆட்கள் மேல் போட்டுக் காட்டுகிறது. மூலைக்கு மூலை நின்று போதைப்பொருள் விற்கும் பெடியனும் துறைமுகத்தில் நாள் வேலைக்காகக் காத்து நிற்கும் நிக்கும் ஒரே சந்தையின் இரண்டு முனை. மேலே உட்கார்ந்திருக்கும் கடத்தல்காரரின் தலைவன் 'கிரேக்கன்' அகப்படுவதேயில்லை. அமெரிக்க மத்திய புலனாய்வுத்துறையான எஃப்.பி.ஐ.க்கு அவனிடம் வேறு தேவை இருக்கிறது, பயங்கரவாதம் பற்றித் தகவல் சொல்லும் ஆள். சொபொட்கா வாக்குமூலம் கொடுக்கச் சம்மதித்ததை அங்கிருந்தே ஒருவர் கசியவிடுவார். பெயர் கிரேக்கன் என்றாலும் அவன் கிரேக்கனே இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரியும் வரும்.

குறை இல்லாமலில்லை. ஸிகியின் கோமாளித்தனம் சில எபிசோடில் அலுக்கவைக்கும். அவன் ஒரு வாத்துக்கு வைரமாலை போட்டு மதுக்கடைக்குக் கூட்டிவருவதை நான் இரண்டாவது தடவை ஓடவிட்டுவிட்டேன். ஐந்தாம் சீசனில் மக்நல்ட்டி இல்லாத தொடர் கொலைகாரன் ஒருவனை உருவாக்குவது, அதுவரை தொடர் காத்துவந்த நம்பகத்தை உடைக்கிறது என்று நானும் சட்டத்தரணியும் சொல்வோம், ரீச்சர் ஒத்துக்கொள்ளமாட்டா. கொன்டெய்னருக்குள் இறந்த பெண்களுக்குக் கடைசிவரை பெயர்கூடக் கிடைப்பதில்லை. அது தொடரின் குறையா, தொடர் வேண்டுமென்றே காட்டும் குறையா என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

பெரியப்பா மூன்றாம் சீசனைத் தொடவில்லை. போட்டுக் கொடுத்தால், "அதில கப்பல் வருமோ?" என்று கேட்பார். வராது என்றேன். ஐந்தாம் சீசனில் ஒரு எபிசோடில், தண்ணீர் ஓரத்தில் புதிய கட்டடத் திட்டத்துக்கு மேயர் விழா எடுக்கும்போது, சனத்துக்குள் நின்று நிக் கத்துவான், அது ஒரு நிமிடம்கூட வராது என்றும் சொன்னேன்.

"அவன்ர பேரென்ன, பெறாமகன்காரன்... அவன் உயிரோட இருக்கிறானோ?"

"ஓம் பெரியப்பா."

"அப்ப அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் போடு."